எப்பலேர்ந்து இப்படி?

அத்தை அன்றைக்குச் சொன்னது இரண்டே வாக்கியம்.

"நேத்து சாயந்தரம் வரைக்கும் நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாக. இப்ப பாரு, போர்வையில எதையோ பொறுக்கிக்கிட்டே இருக்காக."

2008, மதுரையில் ஒரு தனியார் மருத்துவமனை. ஐயாவுக்கு 79 வயது. (அப்பாவின் அப்பாவை எங்கள் சிவகங்கைப் பக்கம் ஐயா என்றுதான் கூப்பிடுவோம்.) கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மூன்றாவது நாள். ரவுண்ட்ஸ் வந்த டாக்டர் கட்டைப் பிரித்துப் பார்த்தார். காயம் சுத்தமாக இருந்தது. அத்தை சொன்னதைக் கேட்டுவிட்டு, "வயசாயிடுச்சுல்ல, மயக்க மருந்து வேற கொடுத்திருக்கு, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும். நல்லா ரெஸ்ட் எடுக்கட்டும்" என்றார்.

ஐயா ரெஸ்ட்தான் எடுத்துக்கொண்டிருந்தார். சத்தம் போடவில்லை, ட்ரிப்ஸைப் பிடுங்கவில்லை. கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்ப்பார், மறுபடி மூடிக்கொள்வார். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ராத்திரி முழுக்கக் கத்தினார், எழுந்து ஓடப் பார்த்தார். வார்டின் கவனம் முழுக்க அவர்மேல். எங்களுக்குக்கூட உள்ளூர ஒரு நிம்மதி, நம்ம ஐயா தொந்தரவு தரவில்லையே என்று. ஆறாம் நாள் மூச்சு வாங்க ஆரம்பித்த பிறகுதான் எக்ஸ்ரே எடுத்தார்கள். இரண்டு பக்கமும் நிமோனியா. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

இன்ஷூரன்ஸுக்காக கேஸ் ஷீட்டின் நகலை வாங்கியது நான்தான். மூன்றாம் நாள் பக்கத்தில், நோயாளி அமைதியாகவும் ஒத்துழைப்புடனும் இருக்கிறார் என்று இங்கிலீஷில் ஒரு வரி. அத்தையின் இரண்டு வாக்கியங்கள் எங்கும் இல்லை.

நான் டாக்டர் இல்லை, வரலாறு படித்தவன். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் ஏறக்குறைய 2,400 வருட வரலாறு இருக்கிறது என்பது தெரியவர எனக்குப் பதினோரு வருஷம் ஆனது. அப்பத்தா விழுந்தபோதுதான் தேட ஆரம்பித்தேன்.

*

ஹிப்போகிரடீஸ் பெயரால் வழங்கும் கிரேக்க மருத்துவ நூல்களில் ஒன்று, நோயின் போக்கை முன்கூட்டிச் சொல்வது பற்றியது. கடும் காய்ச்சலிலும் நுரையீரல் அழற்சியிலும் கிடப்பவரின் கைகளைக் கவனி என்கிறது அந்த நூல். கைகள் முகத்துக்கு முன்னால் அலைகின்றனவா, காற்றில் எதையோ வேட்டையாடுகின்றனவா, போர்வையின் நூலைப் பிய்க்கின்றனவா, சுவரிலிருந்து வைக்கோலைப் பிடுங்குகின்றனவா? இருந்தால் கெட்ட அறிகுறி, மரணம் பக்கத்தில்.

இதை முதல்முறை படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நுரையீரல் அழற்சி, போர்வை, கை. ஸ்டெதாஸ்கோப்பே இல்லாத காலத்தில் ஒருவர் வெறும் கண்ணால் பார்த்து எழுதி வைத்தது. அத்தையும் வெறும் கண்ணால்தான் பார்த்தாள்.

ஷேக்ஸ்பியர் 'ஐந்தாம் ஹென்றி' நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் சாவதை மேடையில் காட்டுவதில்லை. சத்திரக்காரி வந்து சொல்கிறாள். படுக்கை விரிப்பை அவர் கை துழாவியதையும், விரல் நுனிகளைப் பார்த்து அவர் சிரித்ததையும் கண்டதும் முடிவு தெரிந்துவிட்டது என்கிறாள். படிக்காதவள்தான். ஆனால் அவளுக்கும் அந்த அறிகுறி தெரிந்திருக்கிறது.

டெலிரியம் என்ற சொல் லத்தீனிலிருந்து வருவது. கி.பி. முதல் நூற்றாண்டில் செல்சஸ் தொகுத்த மருத்துவ நூலிலேயே அது இருக்கிறது. லிரா என்றால் உழும்போது இரண்டு சால்களுக்கு நடுவே எழும் மேடு. அதைவிட்டு ஏர் விலகிப் போவதுதான் டெலிரியம். மாடு மிரண்டோ கலப்பை கல்லில் இடித்தோ படைச்சால் கோணிப்போவதைப் பார்த்திருப்பவர்களுக்கு இந்த உவமையை விளக்க வேண்டியதில்லை. எனக்குப் பிடித்தது இதில் இன்னொன்று. கோணல் என்று சொல்லவே அதற்கு முன் நேராக ஒரு சால் இருந்திருக்க வேண்டும். நேற்று எப்படி இருந்தார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

பழைய ஆட்கள் இன்னொன்றையும் பிரித்துப் பார்த்தார்கள். கத்துவது, எழுந்து ஓடுவது, இல்லாததைப் பார்ப்பது ஃப்ரெனிடிஸ். அதற்கு நேரெதிராக, எழுப்ப முடியாத ஒரு மந்தம் லெதார்கஸ். செல்சஸ் இரண்டையும் அடுத்தடுத்து வைத்து எழுதுகிறார், இரண்டையுமே ஆபத்தான நோய்கள் என்று. முரண்டு பிடிக்கிற நோயாளி ஒரு பக்கம், தூங்கிவழிகிற நோயாளி மறுபக்கம். இரண்டாயிரம் வருஷம் கழித்து மதுரையில் அந்த இருவரும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தார்கள். ஒருவரை மட்டும்தான் நோயாளியாகப் பார்த்தோம்.

செல்சஸிடம் இன்னும் கொஞ்சம் இருக்கலாம். புத்தி தடுமாறியவரை இருட்டறையில் வைக்க வேண்டும் என்பது அன்றைக்குப் பலர் கொண்டிருந்த கருத்து. ஆஸ்க்லெபியாடீஸ் என்ற வைத்தியர் அதை மறுத்தார். இருட்டே பயமுறுத்தும், வெளிச்சத்தில் வையுங்கள் என்றார். செல்சஸ் நடுவழிக்காரர், இரண்டையும் செய்து பார், எது ஒத்துக்கொள்கிறதோ அதை வை என்கிறார். தூக்கம் வர, பக்கத்தில் தண்ணீர் விழும் சத்தம் உதவும் என்கிறார். தொங்கும் கட்டிலின் ஆட்டம் அதைவிட உதவுமாம். ஊஞ்சல்! இந்த ஊஞ்சலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

*

நம்மிடம் இதற்குச் சொல் இல்லையா? இருக்கிறது. சன்னி, பேச்சில் ஜன்னி. "ஜன்னி கண்டு பிதற்றுறாக" என்பதை நாற்பது வயதைத் தாண்டிய எவரும் கேட்டிருப்பார்கள். சன்னிபாதம் என்ற வடசொல்லின் குறுக்கம் இது. வாதம், பித்தம், கபம் மூன்றும் ஒருசேரக் கெடுவதைச் சொல்வது. ஒன்று கெட்டால் ஒரு நோய், மூன்றும் சேர்ந்து சரிந்தால் புத்தி தப்பும் காய்ச்சல். இலங்கையில் சிங்களவர்களின் சன்னி யகுமா சடங்கில் பதினெட்டு சன்னிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு முகமூடி. பிதற்றலுக்கும் ஒரு முகம் உண்டு, காது கேளாமைக்கும் ஒரு முகம் உண்டு.

நம் பேச்சில் ஜன்னிக்கு ஒரு சிக்கல் வந்துவிட்டது. குழந்தைக்குக் காய்ச்சலில் வரும் வலிப்பும் ஜன்னி, பெரியவர் பினாத்துவதும் ஜன்னி, பிரசவத்தில் வருவதும் ஜன்னி. எல்லாவற்றுக்கும் ஒரே பெயர் என்றானதும் ஆங்கில மருத்துவம் அதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்து ஓரங்கட்டிவிட்டது. ஆனால் அந்தச் சொல் ஒன்றைச் சரியாகச் சொல்லிக்கொண்டிருந்தது. இது மூளையின் நோய் அல்ல, உடம்பு முழுக்கச் சரிவது. "வயசாயிடுச்சு" என்பதைவிட "ஜன்னி கண்டுடுச்சு" என்பது உருப்படியான நோயறிதல். ஜன்னி என்றால் குறைந்தபட்சம் வைத்தியரைத் தேடி ஓடுவார்கள்.

*

ஜெர்மனியில் மனநல மருத்துவராக இருந்த கார்ல் பான்ஹோஃபர் (ஹிட்லரை எதிர்த்துத் தூக்கிலிடப்பட்ட பாதிரியார் டீட்ரிஷ் பான்ஹோஃபரின் அப்பா) 1910 வாக்கில் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார். டைபாய்டு, மது, விஷம், ரத்த இழப்பு என்று வெளியிலிருந்து வரும் தாக்குதல் ஆயிரம் வகை இருக்கலாம். மூளைக்குப் பதில் சொல்லத் தெரிந்த முறைகளோ கொஞ்சம்தான். குழப்பத்தின் தோற்றத்தை வைத்துக் காரணத்தைக் கண்டுபிடிக்க முடியாது. தேடத்தான் வேண்டும்.

அமெரிக்காவில் ஜார்ஜ் எங்கெலும் ஜான் ரொமானோவும் 1940களில் குழம்பிக் கிடந்த நோயாளிகளின் தலையில் மின்முனைகளை ஒட்டி மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். குழப்பம் கூடக்கூட அலைகள் மெதுவாகின. தெளியத் தெளிய வேகம் திரும்பியது. காகிதத்தில் ஓடிய அந்தக் கோட்டில், "அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லப்பட்ட ஒன்று முதல்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. 1959இல் இருவரும் எழுதிய கட்டுரை இந்தத் துறையின் செவ்வியல் ஆக்கம். அதில் ஒரு எரிச்சல் தெரிகிறது. ஈரலும் சிறுநீரகமும் இதயமும் பழுதானால் அவ்வளவு அக்கறை காட்டும் மருத்துவர், மூளை பழுதாகும்போது மட்டும் ஏன் சும்மா இருக்கிறார்? இது மூளையின் செயலிழப்பு என்றார்கள். போலந்தில் பிறந்த லிபோவ்ஸ்கி 1980இல் தன் புத்தகத் தலைப்பிலேயே அதைக் கடும் மூளைச் செயலிழப்பு என்று வைத்தார். கத்துகிற வகை, அடங்கிப்போகிற வகை, இரண்டும் மாறிமாறி வருகிற வகை என்று இன்று மருத்துவர்கள் பிரிப்பதும் அவர் வழியாக வந்ததே. செல்சஸ் அடுத்தடுத்து வைத்ததை அவர் ஒரே நோயின் முகங்களாக்கினார்.

இடையில் பிரிட்டனில் ஒன்று நடந்தது. 1935இல் மேற்கு மிடில்செக்ஸ் மருத்துவமனையை ஒட்டியிருந்த ஏழைகள் விடுதியின் நோயாளிகள், 700க்கும் மேற்பட்ட படுக்கைகள், மார்ஜரி வாரன் என்ற டாக்டரின் பொறுப்பில் வந்தன. வயதானவர்கள், பக்கவாதக்காரர்கள், புத்தி தடுமாறியவர்கள் எல்லோரும் ஒரே கும்பலாகக் கிடந்தார்கள். வாரன் செய்தது ரொம்ப எளிமையான காரியம். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பரிசோதித்தார். கணிசமானவர்கள் எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்கள். முதியோர் மருத்துவம் என்ற துறையே அங்கிருந்து வளர்ந்தது. 1955இல் மார்ட்டின் ராத், மனநல மருத்துவமனைக்கு வந்த முதியவர்களின் கோப்புகளை எடுத்து, ஆறு மாதத்தில், இரண்டு வருஷத்தில் அவர்கள் என்ன ஆனார்கள் என்று பார்த்தார். திடீர்க் குழப்பத்தோடு வந்தவர்கள் டிமென்ஷியாக்காரர்களைப் போல அங்கேயே தங்கிவிடவில்லை. பெரும்பாலும் குணமாகி வீட்டுக்குப் போனார்கள், அல்லது செத்துப்போனார்கள். இரண்டும் வேறு வேறு நோய் என்பதற்கு இதைவிடச் சாட்சி தேவையில்லை.

*

2019 ஆனி மாதம். அப்பத்தாவுக்கு 81. ஆதாரில் ஜனவரி 1 என்று இருக்கும், அதை யாரும் நம்ப வேண்டாம். காந்தி மதுரைக்கு வந்தபோது எட்டு வயசு என்று அப்பத்தா சொல்லும். அது 1946, கணக்கு சரியாகத்தான் வருகிறது.

சளி பிடித்திருந்தது. மெடிக்கல் கடையில் சொல்லி மாத்திரை வாங்கிப் போட்டிருக்கிறது. இரண்டாம் நாள் ராத்திரி, செத்துப்போன தன் அக்காவோடு பேச ஆரம்பித்துவிட்டது. கூரையில் ஆட்கள் கதிர் அறுக்கிறார்களாம், களத்துக்குக் கொண்டுவரச் சொல்லு என்று கூப்பாடு. பக்கத்து டவுனில் ஒரு நர்ஸிங் ஹோமுக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டூட்டி டாக்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று கேட்டார்.

"பாட்டி, இன்னிக்கு என்ன தேதி?"

பதில் இல்லை.

"முதலமைச்சர் யாரு?"

"காமராசரு."

டாக்டர் எங்களைப் பார்த்து, "டிமென்ஷியா. இப்படித்தான் போகும், பாத்துக்குங்க" என்றார். அன்று ராத்திரி கையைக் கட்டிலோடு சேர்த்துக் கட்டி, ஒரு ஊசி போட்டார்கள்.

அந்தக் கேள்விகள் எங்கிருந்து வந்தன என்று பிறகு தேடினேன். 1972இல் ஹாட்கின்சன் என்ற பிரிட்டிஷ் முதியோர் மருத்துவர், ராத்தும் சகாக்களும் பயன்படுத்திய நீண்ட பட்டியலைச் சுருக்கிப் பத்துக் கேள்வி ஆக்கினார். வயது என்ன, மணி என்ன, பிறந்த தேதி, இந்த இடம் எது, அரசர் அல்லது அரசி பெயர், முதல் உலகப் போர் எந்த வருஷம், 20லிருந்து தலைகீழாக எண்ணு. 1972இல் லண்டனில் 75 வயதுக்காரர் ஒருவருக்கு அந்தப் போர் சொந்த வாழ்க்கை, அதனால் அது நல்ல கேள்வி. 1975இல் அமெரிக்காவில் ஃபோல்ஸ்டீன் தம்பதியும் மெக்ஹ்யூவும் 30 மதிப்பெண் தேர்வு ஒன்றை வகுத்தார்கள். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, அல்லது ஒரு ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல்லைத் தலைகீழாக எழுத்துக் கூட்டு. எழுதப் படிக்கத் தெரியாத ஒருவரிடம் இதைக் கேட்டால் என்ன கிடைக்கும்? 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் வேலை செய்த ஆய்வாளர்களுக்கு இந்தப் பிரச்சினை வந்தது. எழுத்தறிவில்லாத கிராமத்து முதியவர்களுக்காக ஹிந்தியில் ஒரு வடிவத்தை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. எழுத்துக் கூட்டுவதற்குப் பதில் கிழமைகளைத் தலைகீழாகச் சொல்வது போன்ற மாற்றங்கள்.

அப்பத்தாவுக்குத் தேதி எப்போதுமே தெரியாது. தமிழ் மாசம் தெரியும், கிழமை தெரியும், அமாவாசைக்கு எத்தனை நாள் என்று தெரியும், ரேஷன் கடையில் சீனி எப்போது வரும் என்பது அந்தக் கடைக்காரரைவிட நன்றாகத் தெரியும். அதற்குத் தெரியாத ஒன்றைக் கேட்டு, தெரியவில்லை என்று எழுதிக்கொண்டார்கள்.

ஆனால் நான் டாக்டர்மேல் இதற்காக மட்டும் கோபப்படவில்லை. சரியான கேள்விகளைக் கேட்டிருந்தாலும் அது ஒரு போட்டோதான். போட்டோவில் டிமென்ஷியாவும் டெலிரியமும் ஒரே மாதிரி தெரியும். முதலாவது வருஷக்கணக்கில் மெல்ல இறங்குவது, இரண்டாவது மணிக்கணக்கில் சரிவது. காலையில் தெளிந்து ராத்திரியில் மோசமாகும். இதைப் பார்க்க வேண்டுமென்றால் நேற்றும் முந்தாநாளும் கூட இருந்த ஒருவரைக் கேட்டாக வேண்டும்.

மறுநாள் அரசு மருத்துவமனைக்கு மாற்றினோம். பி.ஜி. படிக்கும் ஒரு பெண் டாக்டர், தூக்கமே இல்லாத கண்கள். முதலில் அப்பத்தாவின் கைக்கட்டை அவிழ்த்தார். "பாட்டி, ஞாயித்துக்கிழமையிலேர்ந்து பின்னாடியே சொல்லுங்க பாப்போம்."

"ஞாயிறு... சனி..." அப்பத்தா ஜன்னலைப் பார்த்தது. "சனி... மாட்டப் புடிச்சுக் கட்டச் சொல்லு."

அவர் தலையாட்டிக்கொண்டு அத்தையின் பக்கம் திரும்பினார்.

"எப்பலேர்ந்து இப்படி?"

"முந்தாநா ராத்திரியிலேர்ந்து."

"அதுக்கு முன்னாடி எப்படி இருந்தாங்க?"

"ஆத்தாவா? ரேஷன் கடைக்கு அவுகளேதான் போயிட்டு வருவாக. சீட்டுக் கணக்கு அவுகதான் பாப்பாக."

"காலையில எப்படி, ராத்திரி எப்படி? புதுசா ஏதும் மாத்திரை போட்டாங்களா? ஒண்ணுக்கு எப்பப் போனாங்க?"

அத்தை சொல்லச்சொல்ல அவர் கேஸ் ஷீட்டில் எழுதிக்கொண்டே இருந்தார். பதினோரு வருஷமாக நான் பார்க்க ஏங்கியது அந்த எழுத்தைத்தான். கொஞ்சம் அழுகை வந்துவிட்டது. அத்தை என்னை முறைத்தாள்.

அடிவயிற்றைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது, சிறுநீர்ப்பை நிறைந்து கல்லாக இருந்தது. டியூப் போட்டதும் ஒரு லிட்டருக்கு மேல் வந்தது. சோடியம் 117. இருக்க வேண்டியது 135க்கு மேல். ஆறு மாதமாகப் போட்டுவந்த பிரஷர் மாத்திரை உப்பை வெளியேற்றும் வகை, அது சோடியத்தைக் கீழே இழுத்திருந்தது. அதன்மேல் சளி மாத்திரை. அதிலிருந்த குளோர்பெனிரமின், அசிட்டைல்கோலின் என்ற மூளை வேதிப்பொருளின் வேலையைத் தடுக்கும், சிறுநீரையும் கட்டும். ஊமத்தங்காய் தின்றவனுக்குப் புத்தி பேதலிக்கும் என்பது ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், அதுவும் இதே வழியில்தான் வேலை செய்கிறது. 1676இல் வர்ஜீனியாவின் ஜேம்ஸ்டவுனில் ஊமத்தை இலையைக் கீரையென்று சமைத்துத் தின்ற சிப்பாய்கள் பதினோரு நாள் பைத்தியம்போலத் திரிந்ததாக ஒரு பழைய குறிப்பு உண்டு. அப்பத்தா தின்றது ஒரு ரூபாய் மாத்திரை. இளவட்டத்துக்கு லேசாகத் தூக்கம் வரவைப்பது, 81 வயதில் கூரையில் கதிர் அறுக்க ஆள் இறக்கிவிட்டது.

சோடியத்தை அவசரப்பட்டு ஏற்றக் கூடாது, அப்படி ஏற்றினால் மூளைக்கு வேறு ஆபத்து. நாலு நாள் பிடித்தது.

*

அந்த பி.ஜி. டாக்டர் கேட்ட கேள்விகளுக்கு ஒரு பிறந்த வருஷம் உண்டு. 1990. ஷரோன் இனூயே என்ற இளம் மருத்துவர், வேறு நோய்க்காக வந்த முதியவர்கள் மருத்துவமனையில் வைத்தே குழம்பிப்போவதைப் பார்த்தவர். ஆஸ்பத்திரின்னா அப்படித்தான் என்ற பதில் அவருக்குப் போதவில்லை. மனநல மருத்துவர் இல்லாமலே, எந்த டாக்டரும் நர்ஸும் சில நிமிடங்களில் கண்டுபிடிக்க ஒரு முறையை உருவாக்கினார். இரண்டு ஊர்களில் 65 முதல் 98 வயது வரையிலான 56 பேரிடம், மனநல நிபுணர்களின் முடிவோடு ஒப்பிட்டுச் சோதித்துப் பார்த்தார்கள். அதன் அடிப்படை சுருக்கமானது. மாற்றம் திடீரென்று வந்ததா, ஏறி இறங்குகிறதா? கவனம் சிதறுகிறதா? இந்த இரண்டும் இருந்து, கூடவே பேச்சு கோர்வையற்றுப் போனாலோ, விழிப்பு நிலை மாறியிருந்தாலோ, டெலிரியம்.

முதல் கேள்விக்கு நோயாளி பதில் சொல்ல முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்திருப்பவர்தான் சொல்ல வேண்டும். ஹாட்கின்சனின் பத்துக் கேள்விகளில் அத்தைக்கு இடமே இல்லை. இனூயே தொடக்கத்திலேயே அத்தையைக் கூப்பிட்டுவிட்டார். விழிப்பு நிலை என்பதும் கவனிக்க வேண்டியது. துள்ளுவது மட்டுமல்ல, மந்தமாகக் கிடப்பதும் அதில் அடக்கம். லெதார்கஸ் திரும்பி வந்துவிட்டது. ஆனாலும் 2001இல் இனூயேவும் சகாக்களும் நர்ஸுகள் எந்த நோயாளிகளிடம் இதைத் தவறவிடுகிறார்கள் என்று பார்த்தபோது, அடங்கிக் கிடப்பவர்கள், 80 வயதைத் தாண்டியவர்கள், பார்வை மங்கியவர்கள், ஏற்கெனவே டிமென்ஷியா இருப்பவர்கள் என்று வந்தது. ஐயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தோம்.

2011இல் எடின்பரோவில் மெக்லல்லிச்சும் சகாக்களும் இன்னும் சுருக்கி நாலு அம்சமாக்கினார்கள், 4ஏடி என்று பெயர். விழிப்பு, நாலு எளிய கேள்வி, டிசம்பரிலிருந்து மாதங்களைத் தலைகீழாகச் சொல்வது, திடீர் மாற்றம். பயிற்சி தேவையில்லை, காசில்லை, இரண்டு நிமிடம். தலைகீழாகச் சொல்லச் சொல்வது ஞாபகத்தைச் சோதிக்க அல்ல, கவனத்தைச் சோதிக்க. டிமென்ஷியா தொடங்கியவர்கூடப் பல சமயம் தட்டித் தடவிச் சொல்லிவிடுவார். டெலிரியத்தில் இருப்பவருக்கு இரண்டாவது மாதத்திலேயே மாடு வந்துவிடும்.

வைத்தியம்? 2018இல் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகள் 566 பேரிடம் நடந்த ஆய்வில், பல காலமாகப் போட்டுவந்த ஹாலோபெரிடால் ஊசி வெறும் உப்புத் தண்ணீரைவிட மேலாக ஒன்றும் செய்யவில்லை. வேலை செய்தது வேறு. 1999இல் இனூயே குழு வெளியிட்ட ஆய்வில், 70 வயதைத் தாண்டிய 852 பேர். ஒரு பாதிக்கு வழக்கமான கவனிப்பு. இன்னொரு பாதிக்குக் கண்ணாடியை எடுத்துக் கொடுத்தார்கள், காது கருவியை மாட்டிவிட்டார்கள், தண்ணீர் குடிக்க வைத்தார்கள், எழுப்பி நடக்க வைத்தார்கள், எந்த இடம் என்ன நாள் என்று பேச்சுக் கொடுத்தார்கள், ராத்திரி தூக்க மாத்திரைக்குப் பதிலாகச் சூடான பால், முதுகைத் தடவிவிடுதல், மெல்லிய இசை. டெலிரியம் வந்தவர்கள் முதல் பாதியில் 15 சதவீதம், இரண்டாம் பாதியில் 9.9. இதைப் படித்தபோது செல்சஸின் தொங்கும் கட்டிலும் தண்ணீர்ச் சத்தமும் ஞாபகத்துக்கு வந்தன. இருட்டு வேண்டாம் என்ற ஆஸ்க்லெபியாடீஸும்தான்.

நம் ஊர் வார்டுகளில் கூட இருக்க ஒரு ஆள் எப்போதும் உண்டு. அமெரிக்கர்கள் தன்னார்வலர்களைப் பயிற்றுவித்துச் செய்ததை நாம் கூட்டமாகச் செய்கிறோம் என்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் அந்தக் கூட இருக்கும் ஆளை விசிட்டிங் நேரம் முடிந்ததும் விரட்டுவதும், ரவுண்ட்ஸின்போது வெளியே நிற்கச் சொல்வதும் நாம்தான். யாருக்கு நேற்று தெரியுமோ, அவர் கதவுக்கு வெளியே நிற்கிறார்.

*

அப்பத்தா தெளிந்த பிறகு அந்த நாட்களைப் பற்றிப் பேசவே மறுத்தது. மறந்துபோயிருக்கும் என்று நினைத்திருந்தோம். இல்லை, எல்லாம் ஞாபகம் இருந்திருக்கிறது. கையைக் கட்டியது, தான் கெட்ட வார்த்தையில் திட்டியது, பேரன் முன்னால் சேலை விலகிக் கிடந்தது. மாதக்கணக்கில் வெட்கப்பட்டது. கூரையில் கதிர் அறுத்தவர்களின் முகம்கூட ஞாபகம் இருந்ததாம். "நம்ம வயக்காட்டு ஆளுகதேன், ஒருத்தரும் இப்ப உசுரோட இல்ல."

முழுசாகப் பழைய அப்பத்தா திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சீட்டுக் கணக்கை அத்தையிடம் கொடுத்துவிட்டது. ரேஷன் கடைக்கு மட்டும் போய்வருகிறது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது, திண்ணையில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தது. சும்மா ஒரு சோதனைக்கு, மாசத்தையெல்லாம் பங்குனியிலேர்ந்து பின்னாடியே சொல்லு அப்பத்தா என்றேன். உரிப்பதை நிறுத்தாமல் சொன்னது. பங்குனி, மாசி, தை, மார்கழி, கார்த்திகை, ஐப்பசி, புரட்டாசி. அங்கே நின்றது. ஆடி என்றது. இல்லை என்று தானே தலையை ஆட்டிவிட்டு, ஆவணி, ஆடி, ஆனி, வைகாசி, சித்திரை என்று முடித்தது.

"எதுக்குடா இதெல்லாம்?"

ஆஸ்பத்திரியில் கேட்பார்கள், புத்தி தெளிவாக இருக்கிறதா என்று பார்க்க, என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் மொச்சையை உரித்தது.

"ஐயாகிட்ட இத கேட்டாகளா?"

"இல்ல அப்பத்தா."

"மாசமெல்லாம் அவுகளுக்கு நல்லாத் தெரியும். வெதப்புக்கு நாளு பாக்குற ஆளு." தோலைக் கூட்டி ஆட்டுக்குப் போடத் தனியாகத் தள்ளியது. "கேட்டிருந்தா, சொல்லலங்கிறதாவது தெரிஞ்சிருக்கும்."